சட்டமா, நிர்வாகத்தில் இடமா: கனடாவும் நார்வேயும்

பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனத்தை 2007இல் எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் ஒன்றான கனடா, 2021இல் அதை நடைமுறைப்படுத்தவென்றே ஒரு சட்டம் இயற்றியது. கூட்டாட்சிச் சட்டங்கள் பிரகடனத்தோடு முரண்படாதிருக்கப் பழங்குடி மக்களைக் கலந்து நடவடிக்கை எடுக்கவும், செயல்திட்டம் வகுக்கவும், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கவும் அது அரசைக் கட்டாயப்படுத்துகிறது. 2023இல் வெளியான திட்டத்தில் 181 நடவடிக்கைகள் இடம்பெற்றன. பட்டியல் நீளமானதுதான், ஆனால் நிலம் எவர் கையில் என்ற கேள்வியை அந்தச் சட்டம் நேரடியாகத் தீர்ப்பதில்லை.

நார்வே தொடங்கியது அங்கிருந்து அல்ல. வடக்கே கலைமான் மேய்க்கும் மரபுடைய சாமி மக்கள் (பெயர் நம் காதுக்கு வேறு பொருள் தரும்) தாங்களே தேர்ந்தெடுக்கும் சாமி நாடாளுமன்றம் 1989இல் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் ஃபின்மார்க் சட்டமோ, அந்த மாவட்டத்தின் ஏறத்தாழ 95 விழுக்காடு நிலத்தை அரசிடமிருந்து எடுத்துத் தனி அமைப்பொன்றிடம் ஒப்படைத்தது. அதன் ஆறு வாரிய உறுப்பினர்களில் மூவரைச் சாமி நாடாளுமன்றம் நியமிக்கிறது. அறிக்கை பெறும் உரிமையைவிட வாரியத்தில் வாக்கு வலிமையானது என்பதால், எனக்கு இந்த வழியே மேலானதாகத் தோன்றுகிறது.

எனினும் ஃபின்மார்க்குக்கு வெளியே நிலைமை வேறு. நடு நார்வேயின் ஃபோசன் பகுதியில் காற்றாலைகளுக்கு அளித்த உரிமம், அங்கே கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் உரிமையை மீறுவதால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்த பிறகும், அவை நிறுத்தப்படாமல் சுழன்றன.