முதல் பைக்குக்கு சிசி முக்கியமில்லை, எடைதான் முக்கியம்: ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் அனுபவம்

ஸ்கூட்டியிலிருந்து கியர் வண்டிக்கு மாறப்போகிறேன் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. தம்பி ராயல் என்ஃபீல்டின் 350 சிசி வண்டியான ஹண்டர் 350 எடுக்கச் சொன்னான். நான் எடுத்தது ஹீரோவின் சிறிய இன்ஜின் வண்டியான ஸ்ப்ளெண்டர் ப்ளஸ். சில வருடங்களாகத் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓட்டுகிறேன். புதிதாகப் பழகும் யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்: முதலில் எடையைப் பாருங்கள்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்பதால் எல்லோரும் சீட் உயரத்தைப் பற்றியே பேசினார்கள். ஸ்ப்ளெண்டர் 785 மி.மீ., ஹண்டர் 790. பெரிய வித்தியாசமில்லை. எடையோ 112 கிலோவும் 181 கிலோவும். நேர் ரோட்டில் ஓடும்போது அந்த எழுபது கிலோ தெரியவே தெரியாது. பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது, மணல் கிடக்கும் முக்கில் திரும்பும்போது, சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுக்கும்போது தெரியும். நான் பார்த்தவரை புதியவர்கள் வண்டியைக் கீழே போடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஸ்ப்ளெண்டர் சாயத் தொடங்கினாலும் ஒரு காலை ஊன்றி நிமிர்த்திவிடலாம். அந்த நம்பிக்கை வந்தபின்தான் கிளட்சும் த்ரோட்டிலும் கைக்குப் பழகின.

கியர் நான்கையும் முன்பக்கம் மிதித்தே போட வேண்டும். 150 சிசி வண்டிகள் பெரும்பாலும் அப்படியில்லை. முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பிற்பாடு அங்கே மாறுகிறவர்கள் காலி மைதானத்தில் காலைப் பழக்கிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

பெட்ரோல் செலவு பற்றிக் கவலையே இல்லை. லிட்டருக்கு 60க்குக் குறையாமல் கிடைக்கிறது.

எட்டு குதிரைத்திறன்தான் என்பதை மறக்கக் கூடாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இருவராக ஏறினால் இரண்டாவது கியரிலேயே பொறுமையாகப் போக வேண்டும். என் வண்டியில் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். நான்கு வழிச்சாலையில் முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டே ஓட்டுவேன். தினமும் மதுரைக்கு ஆள் ஏற்றிப் போகிறவர் என்றால் டிஸ்க் பிரேக் உள்ள 125 சிசி எடுப்பதே நல்லது.

ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்குமுன் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் போடுங்கள். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பத்தடி பின்னால் தள்ளி, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் கைகொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தனியாக முடிந்தால் மட்டும் விலை பேசுங்கள்.