மெரினா, மலைப்படி, கிரிவலம்: 100 கி.மீ. நடைக்கு எங்கே பழகுவது?

ஆக்ஸ்ஃபாம் ட்ரெயில்வாக்கர் என்ற நிதி திரட்டும் நடைக்கு விதி எளிது. நான்கு பேர் ஓர் அணி, 100 கி.மீ., 48 மணி நேரம். 1981-இல் ஹாங்காங்கில் கூர்க்கா படைவீரர்களின் பயிற்சியாகத் தொடங்கியது. 1986-இல் பொதுமக்களும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். பிறகு பெங்களூருக்கும் வந்தது. சென்னையிலிருந்து நாங்கள் நால்வர் பெயர் கொடுத்தோம். நன்கொடை கேட்டுப் போனபோது பெரியப்பா கேட்டார்: “நடக்கிறதுக்கு எதுக்குப்பா காசு?”

கணக்குப் போட்டால் மணிக்கு 2 கி.மீ.க்குச் சற்று மேல். இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் தூக்கம், சாப்பாடு, கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி போடுவது எல்லாமே அந்த 48-க்குள் அடக்கம். பழகுவதற்கு எங்களுக்கு மூன்று வழி கிடைத்தது. டிரெட்மில்லை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏசி அறையில் நடந்தவன் வெயிலில் என்ன ஆவான் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது.

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நாலு முறை போய்த் திரும்பினால் சுமார் 20 கி.மீ. காலை ஐந்து மணிக்குத் தொடங்கலாம், தண்ணீர் கிடைக்கும், முடியாதவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். இதுதான் அதன் வசதி, இதுதான் அதன் குறையும். தரை சமமாக இருப்பதால் ஒரே தசைதான் வேலை செய்கிறது. இன்னொன்று, வேகமாக நடப்பவர் முன்னால் போய்விடுவார், பின்தங்கியவர் காதில் பாட்டு மாட்டிக்கொள்வார். நால்வரும் 20 கி.மீ. முடித்திருப்போம், ஆனால் தனித்தனியாக. கடற்கரை உண்மையாகக் கற்றுக்கொடுத்தது காலுறை விஷயம். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. ஈரக் காலுறைக்குள் தோல் ஊறி, பிறகு உராய்ந்து கொப்புளமாகும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை காலுறை மாற்றுவது, விரல் இடுக்கில் வாசலின் தடவுவது இரண்டும் அங்கே பழகியவைதான்.

திருக்கழுக்குன்றத்தில் 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏறுவது மூச்சுக்கு, இறங்குவது முழங்காலுக்கு. நாங்கள் ஏற்றத்துக்குத்தான் பயந்தோம், வதைத்தது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாள் ஆபீசில் நாற்காலியை விட்டு எழும்போதுதான் தெரியும். கால் நகத்தை ஒட்ட வெட்டாமல் போன என் மைத்துனருக்குக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. மாதம் இரண்டு முறை இது போதும். வாராவாரம் போனால் முழங்கால் போய்விடும்.

அப்புறம் திருவண்ணாமலை. என் ஓட்டு இதற்குத்தான். கிரிவலப் பாதை 14 கி.மீ., இரண்டு சுற்று 28. பௌர்ணமியில் லட்சக்கணக்கானோர் வருவார்கள், பயிற்சிக்கு ஆகாது; சாதாரண சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கினோம். முதல் சுற்று முறைப்படி வெறுங்காலில், இரண்டாவது ஷூவோடு என்று ஏற்பாடு. வெறுங்காலில் எங்கள் வேகம் தானாகவே குறைந்து ஒன்றானது. இரண்டாம் சுற்றில் ஷூவைப் பார்த்த டீக்கடைக்காரர், “தம்பி, சாமியைச் சுத்துறீங்களா, ரேஸ் ஓடுறீங்களா?” என்றார். இரண்டும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களை நாங்கள் சோதனைச் சாவடியாக வைத்துக்கொண்டோம். நால்வரும் வந்து சேராமல் அடுத்த லிங்கத்துக்கு யாரும் கிளம்பக் கூடாது. இரண்டாம் சுற்றில் நிருதி லிங்கத்தருகே, மணி மூன்று இருக்கும், எங்களில் அதிகம் பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றார். கடலை மிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்ததும் பழையபடி பேச ஆரம்பித்தார். அவர் பேச்சு நின்றால் பசி என்று அர்த்தம். இதைக் கடற்கரையில் ஆறு வாரம் நடந்தும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

கிரிவலத்திலும் குறை உண்டு. தார்ச்சாலை, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை, சென்னையிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். மண்ணும் கல்லுமான பாதைக்கு அது பழக்காது. அதற்குப் படி வேண்டும், வார நாளுக்குக் கடற்கரை வேண்டும். ஆனால் பெட்ரோல் காசும் ஒரே ஒரு வார இறுதியும்தான் கையில் இருக்கிறது என்றால், படியை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வண்டியை விடுங்கள். பையில் காலுறை மூன்று ஜோடி, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி. அணியில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை முன்னால் நடக்க விடுங்கள்.