ரேபர்ன் பிளேஸ் நடைச் சுற்றுலா: ஒரே ஆட்டத்தில் நிலைத்த ஆங்கஸ் புக்கானன்

எடின்பரோவின் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியில், உலகின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் நடந்த ரேபர்ன் பிளேஸ் மைதானத்தை ஒட்டி இரண்டு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்றுக்குச் சென்று வந்தேன். கொடுத்த கட்டணம் வீண்போகவில்லை. வழிகாட்டி தேதிகளை அடுக்காமல், ஆங்கஸ் புக்கானன் என்ற ஓர் ஆட்டக்காரரின் வழியாகவே அந்த நாளைக் காட்டியதுதான் அதற்குக் காரணம்.

1870 டிசம்பரில் ஐந்து ஸ்காட்லாந்துக் கழக அணிகளின் தலைவர்கள் இங்கிலாந்துக்குச் சவால் விடுத்துப் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டதையும், 1871 மார்ச் 27 அன்று சுமார் 4,000 பேர் இங்கே திரண்டதையும் அவர் சுருக்கமாகவே சொன்னார். பிறகு எங்கள் எட்டுப் பேரையும் நால்வர் நால்வராகப் பிரித்து, தோளோடு தோள் சேர்த்துக் குனிந்து தள்ளச் சொன்னார். ஈரப்புல்லில் என் கால் வழுக்கியது. எதிரே நின்றவரின் மூச்சு காதில் பட்டது. பந்து எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று ஓர் அணிக்கு 20 பேர் ஆடினார்கள் என்று பலமுறை படித்திருந்தும், அது எப்படிப்பட்ட நெருக்கடி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தகைய நெரிசல் இங்கிலாந்தின் கோல் கோட்டைத் தாண்டிச் சரிந்தபோதுதான், ராயல் ஹை ஸ்கூல் முன்னாள் மாணவர் அணியைச் சேர்ந்த புக்கானன் பந்தைத் தரையில் அழுத்தி, சர்வதேச ரக்பியின் முதல் ட்ரையைப் பதித்தார். இங்கிலாந்து வீரர்கள் அதை எதிர்த்து வாதாடினார்கள். ஐயம் எழும்போது அதிகமாகக் கூச்சலிடும் அணிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது நியாயமே, பெரும்பாலும் தவறு அவர்கள் பக்கம்தான் இருக்கும் என்று அந்த ஆட்டத்தின் நடுவர் ஆல்மண்ட் பின்னாளில் எழுதியதை வழிகாட்டி அந்த இடத்திலேயே நிறுத்திச் சொன்னது மிகப் பொருத்தமாக இருந்தது.

அக்காலத்தில் ட்ரைக்கென்று புள்ளி கிடையாது. கோலை நோக்கிப் பந்தை உதைக்கும் வாய்ப்பை மட்டுமே அது தந்தது. வில்லியம் கிராஸ் அந்த உதையில் தவறாததால்தான் புக்கானனின் ட்ரை கோலாக மாறி, ஸ்காட்லாந்துக்கு வெற்றியைத் தந்தது. எங்களுக்குக் கொடுத்த துண்டுத்தாளிலோ இன்றைய கணக்குப்படி 5 புள்ளி என்று அச்சிட்டிருந்தார்கள். ஆட்டத்தின் அடிப்படையையே மாற்றிவிடும் இந்தப் பிழையை உடனே திருத்த வேண்டும்.

புக்கானன் அதன்பின் ஸ்காட்லாந்துக்காக ஆடவில்லை. சம்பளமில்லாத அந்த நாள்களில் ஓர் ஆட்டக்காரரின் வாரங்களெல்லாம் கழக ஆட்டங்களிலேயே கழிந்தன, நாட்டுக்காக ஆடுவது அபூர்வமாக வாய்த்தது என்று வழிகாட்டி பொறுமையாக விளக்கினார்.

என் பெரிய வருத்தம் வேறு. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் வளர்ந்த குடும்பத்திலிருந்து வந்து, மலாய்த் தாய்க்குப் பிறந்து, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அதே நாளில் புக்கானனோடு ஸ்காட்லாந்து அணியில் ஆடிய ஆல்ஃபிரட் குளூனிஸ்-ராஸைப் பற்றி, பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம்தான் காதில் விழுந்தது. அவருக்கென்று மைதானத்தின் உள்ளோரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால், இதே கட்டணத்தைக் கொடுத்து மறுபடியும் வருவேன்.