பதினெட்டாம் எண் சட்டை: மூன்று சலவைக்குப் பிறகு

கடைப் பையன் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையை மடிப்புப் பிரிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டான்: “பேரனுக்கா அம்மா? என்ன வயது?”

எனக்குத்தான் என்றேன். வயது கேட்டானே என்று அதையும் சொன்னேன்: அறுபத்தொன்று. அவன் சிரிக்கவில்லை, அதற்காகவே அந்தக் கடைக்கு அரை மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். ஆனால் அடுத்து, “முதுகில் விராட் என்று போட்டுவிடவா அம்மா?” என்றான். பதினெட்டு என்று நான் சொல்லி முடிக்கவில்லை, விராட்டின் எழுத்துகளை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டான். பெண்கள் அணியின் ஸ்மிருதி மந்தானாவின் எண்ணும் பதினெட்டுதான் தம்பி என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, “ஆமாம், அதுவும் பதினெட்டுதான்” என்று ஒப்புக்கொண்டான்.

2025 நவம்பர் இரண்டாம் தேதி இரவு நவி மும்பையில், பெண்கள் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் தீப்தி சர்மாவின் பந்தை நாடின் டி கிளர்க் தூக்கி அடித்து, நம் கேப்டன் ஹர்மன்பிரீத் பின்னோக்கி ஓடிப் பிடித்தபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. மழையால் தாமதமாகத் தொடங்கிய ஆட்டம். 298 எடுத்திருந்தோம், தென்னாப்பிரிக்கா 246. நானும் கணவரும் மட்டும் விழித்திருந்தோம். அந்த வாரமே இந்தச் சட்டையை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் இந்திய அணிச் சட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணன் விட்டுப்போனது ஒன்று, சகாரா என்று மார்பில் எழுதிய மகனுடையவை இரண்டு, 2011 கோப்பைக்காக வாங்கியது ஒன்று. எல்லாவற்றையும் துவைத்தவள், கிழிசல் தைத்தவள் நான். போட்டுக்கொண்டவள் அல்ல.

முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குறை இல்லை. அடிடாஸ் 2023 ஜூனில் அணியின் சட்டைகளைத் தயாரிக்கத் தொடங்கியபோது 999, 2,999, 4,999 ரூபாய் என்று மூன்று தரத்தில் விற்பனைக்கு வந்தன. நான் வாங்கியது நடுத்தரம். பாலியெஸ்டர்தான், ஆனால் உடம்பில் ஒட்டுவதில்லை. சென்னையின் வியர்வைக்கு இதைவிடப் பருத்தி மேல் என்று சொல்பவள் நான்; இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெல்ஸ் சாலையிலிருந்து கடற்கரை வரை நடந்துவிட்டு வந்த பிறகு அந்தக் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். கடற்கரைக் காற்றில் பத்து நிமிடத்தில் முதுகு காய்ந்துவிட்டது. தையல் நெருக்கமாக இருக்கிறது, உள்பக்கம் நூல் துருத்தவில்லை. தோளில் மூவர்ணம் மங்கி மங்கி இறங்குகிறது.

அந்தத் தோள் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சின்னச் செய்தி நினைவுக்கு வருகிறது. இந்த ஒருநாள் போட்டிச் சட்டையை 2024 நவம்பரில் மும்பையில் உலகுக்குக் காட்டியவர் ஹர்மன்பிரீத் கவுர். முதலில் அணிந்து களமிறங்கியதும் பெண்கள் அணிதான். ஆனால் நான் போன கடையில் பெண்களுக்கென்று வெட்டித் தைத்த சட்டை கிடையாது. “கேட்பவர்கள் இல்லை அம்மா, அதனால் வரவழைப்பதில்லை” என்றான் பையன். நான் கேட்கிறேனே என்றேன். “எம் அளவு போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.”

சரியாக இல்லை. தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்குகிறது, கழுத்து அகலம், இடுப்பில் இறுக்கம், மார்பில் தொளதொளப்பு. சுடிதாரின் மேல் போட்டுக்கொண்டால் நீளம் மட்டும் பொருந்துகிறது. எஸ் அளவில் தோள் சரியாக நின்றது, இடுப்பில் இறங்க மறுத்தது. கடைசியில் எம் வாங்கி, வீட்டில் தையல் இயந்திரத்தில் தோளைச் சற்றே பிடித்துக்கொண்டேன். மூவாயிரம் ரூபாய்ச் சட்டையில் கத்திரி வைக்கும்போது கை நடுங்கத்தான் செய்தது. வாங்க நினைக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வழக்கமான அளவை நம்பாதீர்கள், கடையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆறு அடிக்கும்போது எழுந்து கையைத் தூக்கத்தானே போகிறோம்.

இனி அச்சு. என் புகார் முழுவதும் இங்கேதான்.

எழுத்துக்கு முப்பது ரூபாய், எண்ணில் ஓர் இலக்கத்துக்கு எழுபத்தைந்து. ஆங்கிலத்தில் ஸ்மிருதி ஆறு எழுத்து, விராட் ஐந்து. ஆக, விராட்டைவிட எனக்கு முப்பது ரூபாய் கூடுதல். ஜெமிமா என்றால் ஏழு. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338ஐத் துரத்தி 127 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றவள். அவள் பெயரைப் போடலாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். ஹர்மன்பிரீத் பதினொரு எழுத்து, முதுகு போதாது. ஆனால் நான் மனத்தில் வைத்திருந்தது ஸ்மிருதிதான். அதற்குக் காரணம் உலகக் கோப்பை அல்ல, சேப்பாக்கம்.

2024 ஜூன் 28. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பெண்கள் டெஸ்ட். மைதானத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் வாழ்நாள் முழுவதும் இருந்துவிட்டு, பெண்கள் ஆடுவதைப் பார்ப்பதற்காக நான் சேப்பாக்கத்துக்குள் நுழைந்த முதல் நாள். காலையிலிருந்து ஸ்மிருதியும் ஷஃபாலியும் ஆடினார்கள், ஆடினார்கள், ஆடிக்கொண்டே இருந்தார்கள். முதல் விக்கெட்டுக்கு 292. ஸ்மிருதி 149இல் வெளியேறியபோது பக்கத்து இருக்கைப் பள்ளி மாணவி, “ஒரே ஒரு ஓட்டம் ஆன்ட்டி!” என்று அழாத குறையாகச் சொன்னாள். ஷஃபாலி 205. நாள் முடிவில் 525க்கு நான்கு விக்கெட். மறுநாளும் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், தொலைக்காட்சியில் பார்படாஸில் ஆண்களின் இருபது ஓவர் இறுதிப்போட்டி. சூர்யகுமார் எல்லைக் கோட்டில் பிடித்த கேட்ச். ஒரே நாளில் பகலில் ஓர் இந்தியா, இரவில் இன்னோர் இந்தியா. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் சேப்பாக்கம் எனக்குக் காதால் வந்து சேர்ந்த மைதானம். 1986இல் ஆஸ்திரேலியாவோடு ஓட்டங்கள் சரிசமமாகி ‘டை’யில் முடிந்த டெஸ்ட்டுக்கு அண்ணன் ஐந்து நாளும் போனான். நான் மொட்டை மாடியில், மடியில் டிரான்சிஸ்டர். அப்போது ரேடியோதான் முந்தும். அது சொல்லி இரண்டு வினாடி கழித்துத்தான் மைதானத்தின் இரைச்சல் காற்றில் வந்து சேரும். தமிழ் வர்ணனையில் அப்துல் ஜப்பாரின் குரல் நான்கு என்று சொல்லும், பிறகு வானம் அதை ஆமோதிக்கும். அந்தக் கடைசி ஓவரில் மணிந்தர் சிங் அவுட் என்று நடுவர் கை தூக்கியதும் வந்த ஓசையை என்னால் இன்றுவரை வகைப்படுத்த முடியவில்லை. கொண்டாட்டமும் இல்லை, துக்கமும் இல்லை. ஊரே ஒன்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஓசை. அண்ணன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே, “யார் ஜெயித்தார்கள் என்று ரேடியோவில் சொன்னார்களா?” என்று என்னைக் கேட்டான். மைதானத்தில் இருந்தவன் அவன்!

இப்போது தலைகீழ். 2025 ஜனவரி 25 அன்று இங்கிலாந்தோடு இருபது ஓவர் ஆட்டம். திலக் வர்மா 72 எடுத்துக் கரையேற்றிய ஆட்டம். மாடியில் கையில் செல்பேசி. செல்பேசியில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை, அதற்குள் மைதானம் அலறிவிடுகிறது. என்ன நடந்தது என்று தெரியாமல், நல்லது நடந்தது என்று மட்டும் தெரிந்துகொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. கணவருக்குப் பிடிக்கவில்லை, அவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்.

அன்று மாலை வாலாஜா சாலை நடைபாதையில் அவருக்கு ஒரு சட்டை வாங்கினேன். முந்நூறு சொன்னார்கள், இருநூற்று ஐம்பதுக்குக் கொடுத்தார்கள். விராட், 18. அந்தச் சட்டையில் கிரிக்கெட் வாரியச் சின்னத்தின் மேல், உலகக் கோப்பைக்கு ஒன்றாக நான்கு நட்சத்திரம். 1983, 2007, 2011, 2024 என்று விற்றவரே விரல் விட்டு எண்ணிக் காட்டினார். ஒருநாள் போட்டிச் சட்டைக்கு இரண்டு போதுமே, இருபது ஓவர் கோப்பைகளின் கணக்கு வேறு சட்டைக்கு அல்லவா என்று கேட்டேன். “ஜெயித்தது எல்லாம் ஜெயித்ததுதானே அக்கா” என்றார். அக்கா என்றதால் மேலே பேரம் பேசவில்லை.

இப்போது ஒப்பீடு. நடைபாதைச் சட்டையின் துணி மட்டம். வெயிலில் போட்டால் கொதிக்கிறது, கொடியில் காயப்போட்டால் ஒரு பக்கம் தொங்குகிறது, நகம் பட்டால் நூல் இழுக்கிறது. ஆனால் அதில் எண்ணும் பெயரும் சாயமாகத் துணிக்குள்ளேயே இறங்கியவை. இருபது முறை துவைத்தாயிற்று, 18 அப்படியே இருக்கிறது. கடையில் எனக்குச் செய்தது வேறு முறை: வினைல் தாளில் எழுத்தை வெட்டி, ஹீட் பிரஸ்ஸில் வைத்து ஒட்டுவது. துணியின் மேல் உட்காரும், உள்ளே போகாது. சூடும் அழுத்தமும் நேரமும் சரியாக இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். அவசரப்பட்டால் ஓரம் தூக்கும்.

என் விஷயத்தில் அவசரம் எங்கே வந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். பையன் முதலில் ஆர் எழுத்தையும் ஐ எழுத்தையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டான். ஸ்மிருதி, ஸ்மிர்தி ஆகிவிட்டாள். நான் சொன்ன பிறகுதான் கவனித்தான். விராட் என்றால் தவறியிருக்குமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. இருபது வயதுப் பிள்ளை, அவன் கை பழகிய பெயர் அதுதான். எழுத்துகளைச் சூடாக இருக்கும்போதே உரித்து, திரும்ப வெட்டி, அதே இடத்தில் ஒட்டினான். பழைய ஐ எழுத்தின் நிழல் இன்னும் மெல்லிசாகத் தெரிகிறது. அதற்குள் கடை சாத்தும் நேரம். இரண்டாவது முறை அழுத்தியபோது கைப்பிடியை எவ்வளவு நேரம் பிடித்தான் என்று நான் எண்ணினேன். முதல் முறையில் பாதிகூட இல்லை. உரிமையாளர் கல்லாவிலிருந்து, “ஒன்றும் ஆகாது அம்மா, கையால் துவையுங்கள்” என்றார். மொத்தம் 3,329 ரூபாய். ரசீதில் ‘விராட் 18’ என்றே இருக்கிறது.

கையால்தான் துவைத்தேன். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், முறுக்காமல், நிழலில். சேலைக்குக்கூட நான் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. முதல் சலவையில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கடைசி ஐ எழுத்தின் நுனி தூக்கியது. மூன்றாவதில் எஸ், எம் இரண்டும் முழுதாகக் கையோடு வந்துவிட்டன. எண்கள் மட்டும் உறுதியாக இருக்கின்றன, ஏனென்றால் அவை ஒரே முறை, நிதானமாக ஒட்டப்பட்டவை.

ஆகவே துணிக்கு ஐந்துக்கு நாலரை. வெட்டுக்கு இரண்டு, அதுவும் என் தையல் இயந்திரத்தின் புண்ணியம். அச்சுக்கு ஒன்று. சட்டையை வாங்குங்கள், ஆனால் பெயரை அங்கே போடாதீர்கள் என்பதே என் யோசனை. பெயர் வேண்டுமென்றால் அழுத்தும்போது பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுங்கள். கடை சாத்தும் நேரத்தில் போகாதீர்கள்.

2017 பெண்கள் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் லார்ட்ஸில் இங்கிலாந்திடம் 9 ஓட்டத்தில் தோற்ற அன்று இப்படி ஒரு சட்டை என்னிடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணவர் கேட்டார். 229 வேண்டும், 219இல் முடிந்துவிட்டோம்; ஏழு விக்கெட் 28 ஓட்டத்தில் போனது. அன்று சட்டையைக் கழற்றிச் சுருட்டி எறிந்திருப்பேன். அச்சு இன்னும் சீக்கிரம் உரிந்திருக்கும்.

சென்ற வாரம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த பிள்ளைகள் கூட்டத்திலிருந்து, “விராட் பாட்டி!” என்று குரல் வந்தது. பெயர் பாதி உரிந்த முதுகில் 18 மட்டும்தானே முழுதாக இருக்கிறது. திரும்பிப் பார்த்து ஸ்மிருதி என்றேன். அவர்களில் ஒருத்தி, பன்னிரண்டு வயதிருக்கும், கையில் பிளாஸ்டிக் மட்டை, “நான் அப்போதே சொன்னேன்” என்று மற்றவர்களைத் தட்டினாள்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். பெயரை மறுபடி ஒட்டித் தருகிறார்களாம், இயந்திரத்தை நன்றாக இயக்கத் தெரிந்தவர் வியாழக்கிழமைதான் வருவாராம். வியாழக்கிழமை காலையிலேயே போகிறேன். எழுத்துக்கு முப்பது ரூபாய் இன்னொரு முறை கேட்டால் கொடுப்பதாக இல்லை.