நேரடி இணைப்பு என்று சொல்லி எக்செல் கோப்பைத் தலையில் கட்டினார்கள்

விற்பனை டேட்டாபேஸில் உள்ள டேபிள்களை பவர் பிஐ (டேட்டாவை வரைபடங்களாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ரிப்போர்ட்டாக மாற்றித் தர வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினோம். ஐந்து மாதம் தப்பான எண்களை நம்பியிருக்கிறோம். இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் எங்கள் டேட்டாபேஸ் இருக்கும் "எஸ்கியூஎல் சர்வரோடு நேரடி இணைப்பு" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. டேஷ்போர்டும் பார்க்க அழகாக இருந்தது. கடைசியாக ரிஃப்ரெஷ் ஆன நேரம் தினமும் காலை ஆறு மணி என்று காட்டும். யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒரு கூட்டத்தில், புது வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் என் சக ஊழியரைப் பிடித்து, உங்கள் பிரிவில் ஏன் விற்பனையே இல்லை என்று துளைத்து எடுத்தார்கள். அவர் பில்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். திரையில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் திரையைத்தான் நம்பினார்கள். நானும்தான். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அன்று மாலை ரிப்போர்ட்டை ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மொத்தப் பதிவுகள் 10,48,575 என்று இருந்தது. முந்தைய மாதம் சேமித்து வைத்த பிடிஎஃப்பைத் திறந்தேன். அதிலும் அதே எண். ஒரு மாதம் முழுக்க விற்பனை நடந்திருக்கிறது, ஒரு வரிகூடவா கூடாது? எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிகளுக்கு மேல் போகாது. தலைப்பு வரியைக் கழித்தால் மீதி சரியாக அந்த எண்தான். எங்கள் டேபிளிலோ 12 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மறுநாள் ரிப்போர்ட் செய்து தந்தவரை ஆன்லைனில் அழைத்து, பவர் பிஐக்குள் டேட்டாவை எடுத்துச் சீர்செய்யும் பகுதியான பவர் குவரியைத் திறந்து, டேட்டா எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் முதல் படியைக் காட்டச் சொன்னேன். சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். வாரம் ஒருமுறை டேபிளை சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) இறக்கி, எக்செல்லில் திறந்து சேமித்திருக்கிறார். இடம் போதாமல் மிச்ச வரிகள் விழுந்துவிட்டன. காலை ஆறு மணி ரிஃப்ரெஷ் அந்தப் பழைய கோப்பைத்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறது. இறக்கியது வாடிக்கையாளர் எண் வரிசையில். அதனால் பழையவர்கள் வாங்க வாங்க, கடைசியில் இருந்த புதியவர்களின் வரிகள் ஒவ்வொன்றாக வெளியே போயிருக்கின்றன.

அப்புறம் தோண்டத் தோண்ட வந்தது. ஆர்டர் டேபிளையும் பொருள் டேபிளையும் அப்படியே ஜாயின் செய்து ஒரே டேபிளாக இணைத்திருந்ததால், மூன்று பொருள் உள்ள ஆர்டரில் 150 என்ற அனுப்பும் செலவு மூன்று தடவை கூட்டப்பட்டு 450 ஆகியிருந்தது. ரிப்போர்ட் அவருடைய சொந்த வொர்க்ஸ்பேஸில் இருந்தது. ஒரிஜினல் கோப்பு எங்களிடம் இல்லவே இல்லை.

நீங்கள் வேலையை ஒப்புக்கொள்ளும் நாளில் அந்த முதல் படியை உங்கள் கண்ணால் பாருங்கள். டேபிளில் நேராக எண்ணிக்கை எடுத்து ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்; ஒரே ஓர் ஆர்டரை எடுத்து பில்லோடு சரிபாருங்கள். இம்போர்ட்டா (டேட்டாவை நகலெடுத்து வைப்பது) டைரக்ட்குவரியா (ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலேயே கேட்பது) என்று எழுத்தில் வாங்குங்கள். இம்போர்ட் தப்பே இல்லை, ஆனால் அது ஒரு நகல். பவர் பிஐ ப்ரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறைதான் ரிஃப்ரெஷ் ஆகும்படி நேரம் குறிக்க முடியும். அதை "நேரடி" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். லாகின் கொடுக்கும்போது, தேவையான வியூக்களை (டேபிளில் வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் பார்வைகளை) படிக்க மட்டும் அனுமதி உள்ளதாகக் கொடுங்கள். நாங்கள் அவசரத்தில் அட்மின் லாகினையே கொடுத்துவிட்டோம்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். ஆனால் அவருடைய லேப்டாப்பில் இறங்கிய கோப்புகளில் எங்கள் வாடிக்கையாளர்களின் ஃபோன் எண்கள் இருக்கின்றன. அழித்துவிட்டதாக எழுதித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.