ஃப்ளை ஆஷ் பேவர் பிளாக்: உச்சிப்புளி உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம்

எங்கள் வாசலில் பதித்தது ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், கலந்த சிமெண்டுப் பேவர் கல். போட்ட மறுநாள் எந்தக் கல்லும் அழகாகத்தான் இருக்கும், அதனால் இரண்டு ஐப்பசி மழை தாண்டட்டும் என்று காத்திருந்து இதை எழுதுகிறேன். கல்லுக்கு நல்ல மார்க் கொடுக்கலாம். போட்ட விதத்துக்குப் பாதி மார்க் கூடக் கொடுக்க மாட்டேன், அதில் என் தப்பும் இருக்கிறது.

வீடு உச்சிப்புளி பக்கம், கடலுக்குக் கிட்ட. முன்னால் வாசலில் கம்பி கட்டிய சிமெண்டுத் தளம் இருந்தது. கம்பி துருப்பிடித்து உப்பி, தளம் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தது. பேவர் கல்லில் கம்பியே கிடையாது, துருப்பிடிக்க ஒன்றுமில்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கரையில் இதை யோசிக்கலாம். சுமார் 900 சதுர அடி. நடைபாதைக்கும் முற்றத்துக்கும் 60 மில்லிமீட்டர், மச்சானின் குட்டி யானை வண்டி மீன் லோடோடு ஏறி இறங்கும் கேட் பக்கம் 80 மில்லிமீட்டர்.

"அடுப்புச் சாம்பல்ல கல்லா?" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். இது அடுப்புச் சாம்பல் இல்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரித் தூளை எரிக்கும்போது புகையோடு பறப்பதைப் பிடித்தெடுக்கும் நைசான தூள், எங்களுக்கு வந்தது தூத்துக்குடிச் சாம்பல் என்றார் கடைக்காரர். கடையில் பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்டு) என்று வாங்குகிறோமே, அந்த சிமெண்டிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல்தான், கிண்டல் செய்தவர்கள் வீடெல்லாம் அதில் கட்டியதுதான். சிமெண்டு இறுகும்போது மிஞ்சுகிற சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து பசை மாதிரியாகி நுண்துளைகளை அடைத்துவிடும், அதனால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் தினமும் சொட்டுகிற இடத்தில், நல்ல கல் இன்றுவரை மொழுமொழுவென்று அப்படியே இருக்கிறது.

நல்ல கல் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாவது லோடு சரியில்லை. சாம்பல் கல்லுக்கு வலு மெதுவாகத்தான் ஏறும், சிமெண்டு வேலைக்கு வழக்கமாகக் கணக்கு வைக்கிற 28 நாள் ஆன பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லோடு பழையது. இரண்டாவதைத் தொட்டபோதே ஈரமும் கருமையும் தெரிந்தது, கேட்டால் "28 நாள் ஆன கல்லுதான் அண்ணே" என்றார்கள். சாவியால் முனையைச் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், கொத்தனார் சம்பளம் வீணாகுமே என்று விட்டுவிட்டேன். முதல் மழைக்குள் பத்துப் பதினைந்து கல்லில் முனை போய்விட்டது.

அப்புறம்தான் புத்தி வந்து மச்சானின் மீன் தராசை எடுத்தேன். நன்றாக வெயிலில் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். முதல் லோடுக் கல் 3 கிலோ 400 கிராம், ஊறியதும் 3 கிலோ 540, அதாவது நான்கு சதவீதம்தான். இரண்டாவது லோடுக் கல் அதே எடையிலிருந்து 3 கிலோ 660-க்குப் போனது, ஏழரைக்கு மேல். பேவர் கல்லுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15658-படி, கல் இப்படிக் குடிக்கும் தண்ணீர் சராசரியாக 6 சதவீதத்தையும் தனிக்கல்லில் 7 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. லேப் சோதனையில் அடுப்பில் காயவைப்பார்கள், நம் வீட்டுக் கணக்கு கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க இது போதும்.

அடுத்தது உப்பு. முதல் மாதத்திலேயே கிணற்றடிப் பக்கம் வெள்ளையாகப் பூத்தது. சிமெண்டுச் சுண்ணாம்புதான், மழையில் போய்விடும் என்றார்கள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. தோண்டிப் பார்த்தால் கல்லுக்கு அடியில் கடற்கரை மணல்! அதை எடுப்பதே தப்பு, அதிலும் உப்பு மணல், உருண்டையான ஒரே அளவுப் பொடி, மிதித்தால் நகர்ந்துகொடுக்கும். அந்த இடத்தை மட்டும் பிரித்து, கிராவல் தட்டி இறுக்கி, மேலே ஓர் அங்குலத்துக்கு எம்-சாண்ட் (கல் உடைத்துச் செய்த மணல்) பரப்பி மறுபடி போட்டோம். பூப்பது நின்றது. பிரிக்காத இடத்தில் இன்னும் பூக்கிறது.

வரிசை நகராமல் ஓரத்தில் பிடித்து நிறுத்தும் ஓரக்கல்லும் அப்படித்தான். மூன்று பக்கம் வைத்துவிட்டு, செலவு மிச்சம் என்று நாலாவது பக்கம் விட்டுவிட்டோம். அங்கே வரிசை வெளியே நழுவி, ஜாயிண்டில் சுண்டுவிரல் நுழைகிறது. எங்கள் தெருத் தார் ரோட்டிலும் இதே வியாதி. அது பிளாஸ்டிக் கலந்த தார் என்று சொல்லிப் போட்டது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வாசுதேவன் கண்டுபிடித்த முறை, அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லிமேல் தோல் மாதிரிப் படியும், அதன்மேல் தார் ஊற்றுவார்கள். தண்ணீர் ஜல்லிக்குள் போகாததால் தார் சீக்கிரம் உரியாது. நடுரோட்டில் மூன்று மழைக்கும் ஒரு குழி இல்லை. ஆனால் கச்சான் காற்று ஓரத்து மணலை அள்ளிக்கொண்டு போக, ஓரம் மட்டும் பிஸ்கட் மாதிரி ஒடிகிறது.

மழை நின்றால் அரை மணியில் வாசல் காய்ந்துவிடும், தண்ணீர் ஜாயிண்ட் வழியாக இறங்கிவிடுகிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. கோரைப்புல் அதே வழியாக ஏறி வரும், மாதம் ஒருமுறை உட்கார்ந்து பிடுங்கத்தான் வேண்டும். சிவப்புக் கல் வேண்டாம், ஒரே வருஷத்தில் வெளுத்துவிட்டது. அம்மாவுக்கு இருக்கிற குறை வேறு: கோலம் இழுத்தால் கோடு ஒவ்வொரு ஜாயிண்டிலும் விழுந்து எழுகிறது. நிலைக்கு நேரே நாலடிக்கு நாலடி சமதளமாக விட்டிருக்கலாம், தோன்றவில்லை.

தை மாதம் பின்பக்கத்துக்கும் இதே கல்தான், முழுக்க 80 மில்லிமீட்டர், நாலு பக்கமும் ஓரக்கல். லோடு ஏற்றுவதற்கு முந்தின நாளே தராசோடு நான் யார்டுக்குப் போகிறேன், மச்சானிடம் சொல்லியாயிற்று.