அந்த மெல்லிய கோடும் அத்தை கல்யாணப் படங்களும்

சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான், "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அந்த போட்டோ சாஃப்ட்வேர் விலையைக் குறைச்சிருக்காங்களாம், வாங்கலாமா?" என்று. வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவனுக்குத் தெரியும். ஆனால் படங்களுக்கு மொத்தமாக மெட்டாடேட்டா, அதாவது படத்தோடு சேர்த்து வைக்கிற தேதி, ஊர், விளக்கம் போன்ற குறிப்புகள், போடுகிற எல்லோரும் இதைப் படித்தால் நல்லது, ஏனென்றால் என் பிரச்சினை வேறு மென்பொருளிலும் வரக்கூடியதுதான்.

2019-இலிருந்து வைத்திருக்கிறேன். வீட்டு ஆல்பங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு படத்துக்கும் தேதி, ஊர், யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதி வைப்பதுதான் வேலை. இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பஞ்சமே இல்லை. ஒரு ஃபோல்டரில் ஆயிரம் படம் இருந்தாலும் தம்ப்நெயில், அதாவது சிறு முன்னோட்டப் படம், சட்டென்று வந்துவிடும். நாள் தெரியாத பழைய படத்துக்கு வருடத்தை மட்டும் போட்டு எக்ஸ்எம்பி என்கிற மெட்டாடேட்டா வடிவத்தில் சேமிக்க விடும். பல மென்பொருள்கள் ஜனவரி ஒன்றாம் தேதி என்று ஒரு பொய்யைத் தாங்களே எழுதிவிடும், இது எழுதாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஐபிடிசி என்கிற பழைய மெட்டாடேட்டா முறையில் ஊர்ப் பெயர் கட்டத்துக்கு 32 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியாக்கத்தில் நம் எழுத்தின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் போய்விடும், கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. கும்பகோணம் சரியாக 30 பைட், தப்பித்துவிடும். திருச்சிராப்பள்ளி 51 பைட், "திருச்சிரா" என்று வெட்டுப்பட்டு நிற்கும். இந்த மென்பொருள் அதைத் தட்டச்சும்போதே சிவப்பில் காட்டிவிடும். முதல் தடவை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நம் எழுத்தை யோசித்து யாரோ செய்திருக்கிறார்கள் என்று.

சரி, இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன்.

படங்களின் பட்டியலில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று தேர்வு, அதாவது நீலப் பின்னணி விழுந்த படங்கள், அவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னொன்று ஃபோகஸ், அதாவது கணினியின் கவனம் இப்போது நிற்கிற இடம், அது எப்போதும் ஒரே ஒரு படத்தில்தான் இருக்கும். விண்டோஸின் சாதாரண ஃபைல் பட்டியலிலேயே இரண்டும் வேறு வேறுதான். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசையைத் தட்டிப் பாருங்கள், தேர்வு அப்படியே நிற்க ஒரு மெல்லிய கட்டம் மட்டும் நகர்ந்து போகும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் அந்த ஃபைல் தேர்வில் சேரும். வெறுமனே ஃபைலைத் திறந்து மூடுகிறவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. மெட்டாடேட்டா எழுதுகிற இடத்தில்தான் வினையே. என் மென்பொருளின் வலது பக்கத்துப் பலகை ஃபோகஸில் இருக்கிற படத்தின் விவரத்தைக் காட்டுகிறது, "எல்லாவற்றுக்கும் பொருத்து" என்ற பொத்தானோ தேர்வில் இருக்கிற படங்களின் மேல் எழுதுகிறது. ஃபோகஸ் தேர்வுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அது வெளியே போய்விட்டால்?

போகும். அத்தையின் கல்யாணப் படங்கள் 38-ஐ ஒருநாள் தேர்ந்தெடுத்தேன், எல்லாவற்றுக்கும் 1974 என்று போடுவதற்காக. நடுவில் ஒரு படம் மட்டும் வேறு. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படம், 1986, யாரோ அந்த ஆல்பத்துக்குள் செருகி வைத்திருந்ததால் ஸ்கேன் வரிசையில் இடையில் வந்துவிட்டது. கன்ட்ரோலை அழுத்தி அதன்மேல் சொடுக்கினேன், நீலம் போய்விட்டது, 37 ஆனது. ஆனால் ஃபோகஸ் அங்கேயே நின்றுவிட்டது. தேர்விலிருந்து நான் தள்ளிய அதே படம்தான் இப்போது மற்ற 37-க்கும் மூலம். அதைக் காட்டுவதற்கு இருந்ததெல்லாம் அடர்சாம்பல் பின்னணியில் வெளிர்சாம்பலில் ஒரு பிக்சல் கோடு. பிறகு உருப்பெருக்கியை வைத்துத்தான் அதைப் பார்த்தேன்.

வருடக் கட்டத்தில் 1974 என்று அடித்து, பொருத்து என்று அழுத்தினேன். வருடம் சரியாகவே போனது. கூடவே பலகையில் இருந்த விளக்கமும் போனது. 37 படத்திலும் "தாத்தா பாட்டி அறுபதாம் கல்யாணம்" என்று உட்கார்ந்துவிட்டது. அந்த விளக்கக் கட்டத்தில் அதற்கு முன் இருந்தது என்ன தெரியுமா? மூன்று ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு போனில் பேசி, ஒவ்வொரு படமாக அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தது. "இடது ஓரத்தில் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணத்துக்கு மறுவருடம் பம்பாய் போய்விட்டாள்" என்கிற மாதிரி. அது ஆல்பத்தில் இல்லை, அத்தையிடம் மட்டும் இருந்தது.

எழுதியது நேராக ஃபைலுக்குள் போய்விடுவதால் அன்டூ, அதாவது செய்ததைத் திரும்பப் பெறும் வழி, கிடையாது. அதைவிட, எனக்கு அன்று தெரியவே இல்லை. 2024-இல் அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்குப் படம் வேண்டும் என்று அத்தை மகள் கேட்டபோது திறந்து பார்த்துத்தான் தெரிந்தது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பிரதி விளக்கம் எழுதுவதற்கு முந்தையது. அத்தை மறுபடியும் சொன்னார்கள், பொறுமையாகத்தான் சொன்னார்கள், ஆனால் முதல் தடவை தடையில்லாமல் வந்த சில பெயர்கள் இந்தத் தடவை வரவில்லை.

மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பட்டியல் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும், அதுதான் வழக்கம் என்று பதில் வந்தது. வழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை வேறுவிதமாகச் செய்யவே முடியாதா? லைட்ரூம் கிளாசிக் என்கிற இன்னொரு போட்டோ மென்பொருளைப் பாருங்கள், முதன்மைப் படம் என்பது எப்போதும் தேர்வுக்குள்தான் இருக்கும். தேர்வில் உள்ள மற்றவற்றைவிட அதன் கட்டம் இன்னும் வெளிச்சமாகத் தெரியும், அதைத் தேர்விலிருந்து நீக்கினால் அந்த இடம் தேர்வில் இருக்கிற இன்னொன்றுக்குப் போய்விடும். மதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் கட்டத்தில் "கலவை" என்றே காட்டும். கட்டளை எழுதி மெட்டாடேட்டாவை மாற்றுகிற எக்சிஃப்டூலில் ஃபோகஸ் என்ற பேச்சே இல்லை, எந்த ஃபைல் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், தனியாகச் சொன்னால் ஒழிய பழைய ஃபைலை ஒரு பிரதியாக வைத்துவிட்டுத்தான் எழுதும். ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்ட கருவி அது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இப்படிப் பிரதி வைக்கிற பழக்கம் என் மென்பொருளில் இருந்திருந்தால் அந்த 37 விளக்கமும் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

இப்போது நான் எப்படிச் செய்கிறேன் என்றால், கன்ட்ரோல் போட்டு எதையும் தேர்விலிருந்து கழற்றுவதே இல்லை, வேண்டாத படத்தை முதலிலேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுகிறேன். பொருத்துவதற்கு முன் பலகையின் தலையில் இருக்கிற ஃபைல் பெயரை வாய்விட்டுப் படிக்கிறேன். மாற்ற வேண்டிய கட்டத்தை மட்டும் வைத்து ஒரு டெம்ப்ளேட் செய்து அதன் வழியாகத்தான் எழுதுகிறேன், விளக்கக் கட்டத்தைத் தொகுப்பாக எழுதுவதை அடியோடு விட்டுவிட்டேன். அப்புறம் எந்த வேலைக்கும் முன்னால் ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி. இவ்வளவு செய்தால் இது அருமையான மென்பொருள், உண்மையாகத்தான் சொல்கிறேன், இன்றைக்கும் தினமும் இதில்தான் உட்காருகிறேன். போன மாதம் வந்த புதுப் பதிப்பில் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. கோடு அதே ஒரு பிக்சல்தான்.

தம்பி, வாங்காதே. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உன் பெண் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்கிறாய், அதில் ஒரு சொடுக்கில் ஒரு வருடத்து விளக்கம் போனாலும் உனக்கு அன்றே தெரியாது.

37-இல் 26 படத்துக்குத் திரும்ப எழுதிவிட்டேன். மீதி பதினொன்றின் பிரிண்ட்டுகளைத் தனியாக எடுத்து உறையில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போகிறேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதை முதலில் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ளப் போகிறேன்.